ஒரே மடல், இரண்டு கோப்பு: நாட்மச் என்ற மடல் தேடல் மென்பொருள் எனக்கு ஏன் பிடித்தது

இங்கே சிங்கப்பூரில் ஒரு சின்னத் தமிழ் அமைப்புக்குச் செயலாளர் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் தமிழ்மொழி விழா நெருங்கினால் மடல்கள் குவிந்துவிடும். அதில் பாதி எனக்கு இரண்டு தடவை வரும், குழு முகவரி வழியாக ஒன்று, சிசியில் நேராக ஒன்று. அது போதாதென்று ஜிமெயிலை ஐமேப் (மடல் சேவையிலிருந்து மடல்களை எடுக்கும் முறை) வழியாக மடிக்கணினியில் இறக்கினால், லேபிள் ஒட்டிய மடல் அந்த லேபிளின் போல்டரிலும் 'ஆல் மெயில்' போல்டரிலும் தனித்தனிக் கோப்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு தேடல் மென்பொருளில் இரட்டைகளை நீக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அப்புறம் மண்டப வாடகைக்கு வந்த விலைப்பட்டியலைத் தேடினால் மடல் இருக்கிறது, பிடிஎப் இல்லை! எங்கள் குழு முகவரிச் சேவை இணைப்புகளைக் கழற்றிவிட்டு அனுப்பும், அந்தக் கழற்றிய பிரதியை வைத்துக்கொண்டு முழுப் பிரதியைத் தூக்கி எறிந்திருக்கிறது. மண்டபக்காரரிடம் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் நாட்மச்சுக்கு வந்தேன். இலவசம், திறமூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்), 2009 முதல் இருக்கிறது, ஸேபியன் என்ற தேடல் நூலகத்தின் மேல் ஓடுகிறது. மடலை இறக்குவது, அனுப்புவது இதன் வேலை இல்லை, இறக்கி வைத்ததைத் தேடித் தரும், அவ்வளவுதான். மடலின் தலைப்பகுதியில் இருக்கும் மெசேஜ்-ஐடியை, அதாவது அந்த மடலுக்கென்று உள்ள தனி அடையாளக் குறியைத்தான் இது அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஒரே ஐடியோடு மூன்று கோப்பு இருந்தாலும் தேடலில் ஒரே வரிதான் வரும், ஆனால் மூன்று கோப்பின் இடமும் அதற்குத் தெரியும், எதையும் தானாக அழிக்காது. ஐடியே இல்லாத மடலுக்குக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து தானே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது.

எனக்கு உயிரான வசதி இதுதான்: தேடல் கட்டளையில் முடிவுகளைக் கோப்புகளாகக் கேட்டு, டூப்ளிகேட் என்பதற்கு 2 என்று கொடுத்தால், இரண்டு பிரதியாவது உள்ள மடல்களின் இரண்டாவது கோப்பை மட்டும் வரிசையாகக் காட்டும். விழா மடல்களுக்கு அப்படிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு மடலின் இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்தால், ஒன்றில் குழுவின் அடிக்குறிப்பும், குழு வழியாக வந்தது என்று காட்டும் லிஸ்ட்-ஐடி வரியும், மற்றதில் பந்தல்காரர் அனுப்பிய படம். ஐடி ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, இரட்டை என்றாலே குப்பை என்று நினைப்பதை விட்டுவிட்டேன்.

குறையும் உண்டு. 2018இல் வந்த 0.26 பதிப்பிலிருந்து எல்லாப் பிரதிகளின் சொற்களும் தேடலுக்கான அட்டவணையில் ஏறுகின்றன. அதனால் நீங்கள் தேடிய சொல் இரண்டாவது பிரதியில் மட்டும் இருந்தாலும் மடல் அகப்பட்டுவிடும், ஆனால் திறந்தால் முதல் பிரதிதான் வரும், சொல்லைக் காணாமல் விழிப்பீர்கள். எந்தப் பிரதியைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் வசதி 2022இல் 0.37 பதிப்பில் வந்தது, பழையதை வைத்திருப்பவர்கள் மாறிக்கொள்ளுங்கள். இன்னொன்று, டேக் (நாம் ஒட்டும் குறிச்சொல்) போடுவது மடலுக்குத்தான், கோப்புக்கு அல்ல. அழிக்க வேண்டியது என்று டேக் போட்டு, அந்த டேக் உள்ள கோப்புகளை எல்லாம் நீக்கினால் எல்லாப் பிரதிகளும் சேர்ந்து போய்விடும், கவனம்.

மு என்ற இன்னொரு மடல் தேடல் கருவியையும் பார்த்தேன். அது ஒவ்வொரு கோப்பையும் தனி மடலாக வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் இரட்டைகளை மறைக்கிறது. எந்த போல்டரில் எது இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது வசதி. மடலும் அதற்கு வந்த பதில்களுமாகப் பேச்சின் தொடர்ச்சிதான் முக்கியம் என்றால் நாட்மச்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபம் என்று தேடினால் 'மண்டபத்துக்கு' என்று எழுதிய மடல் வராது. மண்டப என்று எழுதி ஒட்டினாற்போல் நட்சத்திரக் குறி போடுங்கள், எல்லாம் வந்துவிடும்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி முயன்று பாருங்கள்.