24 கத்தி, ஒரு பின், ஒரு சீல்

யாங்கோனில் இருக்கும் இந்தத் தெருவுக்கு இப்போது ஷ்வேபோந்தா தெரு என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு மொகல் தெரு என்றால்தான் புரியும். அதன் பக்கச் சந்தொன்றில் பச்சைக் கதவு போட்ட உதிரிக் கடை. பலகையில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. வாசலில் தொங்கும் பெல்ட்டுகள்தான் அடையாளம்.

ஆற்றுக்கு அக்கரையில், சிரியத்தில் எனக்கு முக்கால் ஏக்கர் தோட்டம். புளிச்சக்கீரை, வெண்டை, பாகல். உழ ஒரு சின்ன பெட்ரோல் டில்லர். போன வருஷம் அதன் கத்தி அச்சைப் பிடிக்கும் ஷியர் பின் என்ற சின்ன ஆணி ஒடிந்து, வேறொரு கடைக்குப் போனேன். "இது ஒடியவே ஒடியாது" என்று தலையில் 10.9 என்று கெட்டி இரும்புக் குறி குத்தின போல்ட்டைக் கொடுத்தார்கள். சொன்ன சொல் தவறவில்லை, ஒடியவில்லைதான். மண்ணுக்குள் அடுத்த செங்கல்லில் கத்தி மோதியதும் கியரில் மூன்று பல் போயிற்று. ஒடிந்து கியரைக் காப்பாற்றத்தானே அந்தப் பின்னை மென்மையான இரும்பில் செய்கிறார்கள்!

இந்த வருஷம் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, டில்லர் கத்தி மாற்றப் பச்சைக் கதவுக்குப் போனேன். கடைத் தம்பி முதலில் கேட்டது, "பழசைக் கொண்டாந்தீங்களா ஐயா?" பழைய கத்தியைப் புதுசின்மேல் வைத்துக் காட்டினார். முனையில் இரண்டு விரற்கடையைக் காணோம். இதை வைத்துக்கொண்டுதான் மண் இறுகிப்போச்சு என்று புலம்பியிருக்கிறேன்.

சாக்கை விரித்து, இடது 12, வலது 12 என்று பிரித்து அடுக்கின பிறகுதான் காசு வாங்கினார். "கூர் பக்கம் முதல்ல மண்ணுல இறங்கணும். மாத்தி மாட்டினா மிஷின் குதிக்கும்." நட்டெல்லாம் உள்ளே நைலான் வளையம் வைத்தது, அதுவும் புதுசு. ஒரு மணி நேரம் உழுதபின் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கச் சொன்னார்.

எண்ணெய் கசிந்ததால், அச்சைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலையும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். பாகல் பந்தலின் நைலான் கயிறு அச்சில் சுற்றி, சீலின் உதட்டை அறுத்திருந்தது. மேலே எழுத்து தெரியவில்லை. சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துத் துடைத்ததும் 25, 40, 7 என்று வெள்ளையாய் எழும்பியது. உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு. மிஷின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இங்கே பதில் வராது, அளவுதான் பேசும்.

குறை இல்லாமலில்லை. பில் கேட்டால் முகம் சுளிக்கும். வாங்கின சாமானைத் திருப்ப முடியாது. விலை வாரத்துக்கு ஒரு பேச்சு. பௌர்ணமியன்று பாலம் தாண்டிப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

பின் மட்டும் ஐந்தாக வாங்கி வைத்தேன். போன செவ்வாய் மறுபடி ஒரு செங்கல். டக்கென்று சத்தம், கத்தி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, புதுப் பின்னைச் சொருகினேன். வெற்றிலை ஒரு வாய் போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இன்னும் நாலு இருக்கிறது.