வயிற்றுக்குள் குழாயா, கையில் ஊசியா?

போன வருடம் அண்ணனுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, கோவையில் அறுவைச் சிகிச்சை முடிந்து கோபிக்குத் திரும்பினார். அவருக்கு 67, எனக்கு 58. ஒரே சட்டிக் கம்பங்கூழும் ஒரே கயிற்றில் தொங்கிய உப்புக்கண்டமும் தின்று வளர்ந்தவர்கள். "நீங்களும் ஒருக்கா பாத்துப்போடுங்க தம்பி" என்று அண்ணி சொன்னபோது மறுக்க வழியில்லை.

எதிரே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையை உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி. மற்றொன்று, ரத்தத்தில் டிஎன்ஏ மெத்திலேஷன் பார்க்கும் பரிசோதனை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், குமட்டல் கிடையாது, பாதி நாள் வேலை கெடாது. ஆனால் எனக்குச் சொன்ன விலையில் எண்டோஸ்கோபியை மூன்று தரம் செய்துகொள்ளலாம்.

மெத்திலேஷன் என்பதை எங்கள் ஊர்க் கணக்கில் இப்படிப் புரிந்துகொண்டேன். தடப்பள்ளி வாய்க்காலில் கரை உடைவது ஒரு வகைச் சேதம். கரை நன்றாக இருந்தும் மதகைப் பூட்டிவிட்டால் தண்ணீர் வராது, அது வேறு வகை. மரபணுவின் எழுத்து மாறாமலே, அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டி அதை வேலை செய்யவிடாமல் பூட்டிவிடுகிறது. வயிற்றில் இந்தப் பூட்டு அதிகம் விழக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும், அது வருடக்கணக்கில் கிளப்பும் அழற்சியும். 1994-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று பட்டியலில் சேர்த்துவிட்டது.

கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏவில் இந்தப் பூட்டுகள் இருக்கிறதா என்று தேடுவதுதான் ரத்தப் பரிசோதனை. இங்கேதான் அதன் மேல் எனக்கு ஐயம் வந்தது. கட்டி சிறிதாக இருக்கும்போது ரத்தத்தில் கலக்கும் அதன் டிஎன்ஏ மிகக் குறைவு. நாம் பிடிக்க வேண்டியதோ அந்தச் சிறிய கட்டியைத்தான். இந்த வகைப் பரிசோதனைகளில் பேர்பெற்றது, செப்டின்9 என்ற மரபணுவில் பூட்டைத் தேடும் பரிசோதனை. அதற்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் பெருங்குடலுக்காக, இரைப்பைக்காக அல்ல. 'பேக்கேஜ்' விற்க வந்த பையன் இதைச் சொல்லவில்லை.

ஆனால் என்னை முடிவு செய்ய வைத்தது டாக்டர் கேட்ட ஒரு கேள்வி.

"பாசிட்டிவ்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"குழாய் உட்டுத்தானுங்க பாக்கோணும்."

"நெகட்டிவ்னு வந்தா?"

"நிம்மதியா இருப்பனுங்க."

"அதுதானுங்க எனக்குப் பயம்."

யோசித்தால், நெகட்டிவ் என்று வந்தாலும் சிறிய கட்டி தப்பியிருக்கலாம். ஆக ரத்தத்தில் எந்த முடிவு வந்தாலும் அதற்கு அடுத்த வேலை எண்டோஸ்கோபிதான். குழாய் உள்ளே போனால் சுவரைக் கண்ணால் பார்க்கலாம், சந்தேகமான இடத்தில் சதை கிள்ளலாம், கிருமி இருக்கிறதா என்றும் அப்போதே சோதிக்கலாம். புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றங்கள்கூடத் தெரியும். ரத்தத்தில் 'ஏதோ இருக்கிறது' என்று வந்தால், எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்ல அந்தச் சீட்டால் முடியாது. குமட்டலைப் பொறுத்தவரை, தொண்டையில் மருந்து அடித்த பிறகு நான் பட்டது பத்து நிமிடம்தான். இது என்னுடைய ஒரே ஒரு தடவை அனுபவம். மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

மெத்திலேஷன் பரிசோதனையே வீண் என்று சொல்லிவிட முடியாது. அண்ணனின் கட்டியில் அது உதவியது. வெட்டி எடுத்த சதையில், டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1 புரதம் இல்லை என்று வந்ததும் எங்களுக்குத் தூக்கம் போயிற்று. புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பிறவியிலேயே வரும் லிஞ்ச் கோளாறாக இருந்தால் தம்பி, பிள்ளைகள் எல்லோருக்கும் ஆபத்து. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் மெத்தில் பூட்டு விழுந்திருக்கிறதா என்று சதையிலேயே பார்த்தார்கள். விழுந்திருந்தது. அப்படியானால் பெரும்பாலும் வயதில் வந்த சேதம், வம்சத்தில் வந்தது அல்ல.

2014-ல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 295 இரைப்பைக் கட்டிகளை அலசி நான்கு வகையாகப் பிரித்தது. அண்ணனுடையது போல டிஎன்ஏ பிழைத் திருத்தம் கெட்டுப்போனவை அதில் ஏறத்தாழ 22 விழுக்காடு. நோய் பரவினாலும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துக்கு இந்த வகை கட்டுப்பட வாய்ப்பு அதிகம். ஆக அங்கே இந்தப் பரிசோதனை வைத்தியத்துக்கே வழி காட்டியது. பூட்டைத் திறக்கும் அசாசிட்டிடின், டெசிட்டபின் மருந்துகளும் உண்டு. ஆனால் அவை ரத்த நோய்களுக்குத்தான் வழக்கத்தில் இருக்கின்றன. இரைப்பைக்கு இன்னும் ஆராய்ச்சி அளவில்தான்.

எனக்குக் கட்டி இல்லை, கிருமி இருந்தது. 14 நாள் மாத்திரை, வாயெல்லாம் கசப்பு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேல் விட்டு மலப் பரிசோதனை செய்தபோது கிருமி இல்லை. கிருமி போனாலும் பழைய பூட்டுகள் எல்லாம் ஒரேயடியாகக் கழன்றுவிடாது என்பதால் மறுபடி வரச்சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து அண்ணன் மகன் போகிறான். காலையில் குழாய் என்றால் ராத்திரிச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் முடிக்கவேண்டும் என்பது மட்டும்தான் இப்போதைக்கு அவன் கவலை.