400 வாட் விளக்கும் கொண்டலாம்பட்டிப் பட்டறையும்

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அதைத்தான் கேட்பீர்கள். ஜீப்பில் மாட்டிய 400 வாட் விளக்குகளுக்கு வயரிங்கைச் சரிசெய்ய, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது), வயர், ரிலே (சின்னக் கரண்ட்டில் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்), ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து 16,400 ரூபாய். இரண்டு நாள் என்று பட்டறைக்காரர் சொன்னார், வண்டி கைக்கு வந்தது நாலாவது நாள் சாயங்காலம். பில் கிடையாது, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கணக்குதான். இவ்வளவுக்கும் பிறகு இதை நல்ல பட்டறை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் லாரி வேலை பார்க்கும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது. பெயர்ப் பலகை கூட இல்லை. வாசலில் பழைய செல்ஃப் மோட்டார்கள் தேங்காய் உரித்த மட்டை மாதிரி குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம்.

வண்டி மாமனாருடைய பழைய டீசல் ஜீப். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, பழம் பறிக்கிற மாதங்களில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பவே இரவு ஆகிவிடும். தோட்டத்து மண் பாதையில் காட்டு மாடு சும்மா நின்றுகொண்டிருக்கும், ஹெட்லைட் வெளிச்சத்தில் அது தெரிவதற்குள் கிட்டே போயிருப்போம். அதற்காக பம்பரில் 100 வாட் ஹாலஜன் நாலு, பெரிய வட்டக் கண்ணாடி வைத்தது, மாமனார் எப்போதோ வாங்கிப் பரணில் போட்டிருந்ததை எடுத்து மாட்டினேன். எல்இடி போட்டிருந்தால் இவ்வளவு செலவே இல்லை என்று இந்தப் பட்டறைக்காரரே முதல் நாள் சொன்னார், அது உண்மைதான். ஆனால் அந்த வட்ட விளக்கு ஜீப் முகத்தில் இருக்கிற அழகை அவருக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

இதற்கு முன்னால் டவுனில் வேறொரு கடையில் இதே வேலையை 1,800 ரூபாய்க்குச் செய்தேன். ரிலே இல்லை, தனி ஃபியூஸ் இல்லை, ஹெட்லைட் சுவிட்சிலிருந்தே மெல்லிசான வயரை இழுத்து நாலு விளக்குக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம், மலை இறங்கும்போது, பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. கூடவே ஹெட்லைட்டும் அணைந்துவிட்டது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மொபைல் டார்ச்சை ஆட்டியபடி பின்னால் வருகிற பஸ்ஸுக்குச் சைகை காட்டிக்கொண்டு நின்ற அந்த இருபது நிமிடத்தை மறக்க மாட்டேன். போய்க் கேட்டால், பேட்டரி சின்னது, பெரிசு போடுங்கள் என்றார்கள். அதையும் நம்பிப் போட்டேன் பாருங்கள்.

கொண்டலாம்பட்டிப் பட்டறை அண்ணன் பானட்டைத் திறந்ததும் பேட்டரியைப் பார்க்கவே இல்லை, ஆல்டர்னேட்டர் மேல் இருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார். 45 ஆம்பியர். "தம்பி, பேட்டரிங்கறது மாடித் தொட்டி. போர்ல தண்ணி வந்தாத்தான் தொட்டி ரொம்பும். நீங்க போரை உட்டுட்டுத் தொட்டிய மாத்தியிருக்கீங்க." சேலத்துக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் மின்சாரம் சொல்லித்தர முடியாது. அதே காலண்டர் தாளில் கணக்கும் போட்டார்: நாலு விளக்கு 400 வாட், 12 வோல்ட்டால் வகுத்தால் 33 ஆம்பியர். ஹெட்லைட் ஒரு 10. வைப்பர், பின் விளக்கு, மற்றதெல்லாம் 6, 7. ஆக 50. ஆல்டர்னேட்டர் முழுச் சுற்றில் ஓடினாலே 45தான், வளைவில் ஊர்ந்து போகும்போது அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். மீதியைப் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் முனகியதற்குக் காரணம் அதுதான்.

90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டார், புதிதில்லை, பிரித்துச் சரிசெய்தது. அங்கிருந்து பேட்டரிக்கு 25 ஸ்கொயர் எம்எம் கேபிள், நடுவில் 100 ஆம்பியர் ஃபியூஸ். அதே கனத்தில் இன்ஜினுக்கும் பாடிக்கும் எர்த். எல்லோரும் பிளஸ் வயரை மட்டும் தடியாகப் போட்டுவிட்டு எர்த்தை மறந்துவிடுகிறார்கள், போன கரண்ட் திரும்பி வரவும் வழி வேண்டும் இல்லையா. என் ஜீப்பில் எர்த் போல்ட் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தது, கீழே துரு. அதைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் கேபிள் முனையில் இருக்கிற உலோக வளையத்தை, அதாவது லக்கை, வைத்தார்.

விளக்குகளுக்கு இரண்டிரண்டாகப் பிரித்து 40 ஆம்பியர் ரிலே இரண்டு, 4 ஸ்கொயர் எம்எம் வயர், ஒவ்வொன்றுக்கும் 25 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஏன் இவ்வளவு கிட்டே என்று கேட்டேன். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை இல்லையாம், வயரை. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ரிலேயைத் தூண்டும் சின்ன வயரை ஹை பீமிலிருந்து எடுத்து ஒரு சுவிட்ச் வழியாகக் கொடுத்திருக்கிறார். எதிரே வண்டி வந்து டிப் அடித்தால் நாலும் தானாக அணைந்துவிடும். 400 வாட்டை எதிரில் வருகிறவன் கண்ணில் அடித்துக்கொண்டு மலை இறங்குவது கொலைக்குச் சமம், இதைக் கேட்காமலேயே செய்து வைத்ததற்காகவே அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

விளக்கின் முனையில் முன்பு மீட்டர் காட்டியது 10.9 வோல்ட், அப்போது பேட்டரியில் 13.2 இருந்தது. ஹாலஜனில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும், இந்த அளவுக்கு ஏறக்குறைய பாதி போயிருக்கும். அதாவது நாலு விளக்கு எரிந்தது, இரண்டு விளக்கின் வெளிச்சம்தான் ரோட்டில் விழுந்தது. இப்போது விளக்கிலேயே 13.4 வருகிறது. கலரே மாறிவிட்டது, அந்த மஞ்சள் பூத்த சோர்வு இல்லை.

சரி, குறைகள். போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும். ஆல்டர்னேட்டர் பெரிதானதும் பழைய பெல்ட் லோடு தாங்காமல் கீச்சென்று கத்தியது, அதை முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும், நான் இரண்டாவது முறை அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பிப் போய் மாற்றினேன். பெல்ட்டுக்குத் தனியாக 450. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, டைட் பார்க்கிறேன் என்றார், அதற்குப் பணம் வாங்கவில்லை.

இன்னொன்று, இது பட்டறையின் குறை இல்லை. மேல் வளைவுகளில் மூடுபனி இறங்கிவிட்டால் இந்த நாலு விளக்கும் தண்டம். போட்டதும் முன்னால் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு சுவர், அவ்வளவு வெளிச்சமும் திரும்பி நம் கண்ணுக்கே வருகிறது. பனியில் பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாக விழுகிற இரண்டு சின்ன விளக்கு போதும், மற்றதை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். தோட்டத்துப் பாதையில் மட்டும் நாலையும் போடுகிறேன். போன வாரம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏழெட்டுக் காட்டு மாடு நின்றது நல்ல தூரத்திலேயே தெரிந்தது, மாமனார் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

நாலு விளக்கையும் போடுகிற அந்தச் சுவிட்சில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது, அது எரியும்போதெல்லாம் கண்ணைக் குத்துகிறது. மாற்றித் தரச் சொன்னேன், கறுப்பு டேப் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். ஒட்டியிருக்கிறேன்.