விண்டோஸிலிருந்து மேக் மினிக்கு: மகளின் மேசைக்கணினியோடு இரண்டரை ஆண்டுகள்

2023 ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்துக்கு ஆப்பிளின் சிறிய மேசைக்கணினியான மேக் மினி வந்து சேர்ந்தது. அப்போது தொடக்கநிலை 3இல் இருந்த மகள் 2026 ஜனவரியில் தொடக்கநிலை 6க்குச் செல்கிறாள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தபின், பிள்ளைக்கு என்ன கணினி வாங்கலாம், இயங்குதளத்தையே மாற்றிவிடலாமா என்று உறவினர் சிலர் என்னிடம் கேட்டுவருகின்றனர். அவர்களிடம் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்த பழைய கணினி 2016இல் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் உதிரிபாகங்களாக வாங்கிப் பூட்டியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய மையச் சில்லும் வேண்டும். எங்கள் கணினியில் இருந்தது ஆறாம் தலைமுறைச் சில்லு. ஆகவே 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்த நாளிலிருந்தே, என்றோ ஒருநாள் மாற்றித்தான் ஆகவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

மடிக்கணினி வேண்டாம் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. உயர்நிலை 1க்குச் சென்றால் பள்ளி வழியாகவே தனிப்பட்ட கற்றல் சாதனம் கிடைத்துவிடும். அதுவரை, அறைக்குள்ளோ படுக்கைக்கோ எடுத்துச் செல்ல முடியாத, எல்லாரும் நடமாடும் கூடத்தில் நிலையாக இருக்கும் ஒரு கணினிதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. கைக்கணினியைப் பிள்ளைகள் முகத்தருகே கொண்டுபோய்விடுகின்றனர். மேசைமேல் உள்ள 24 அங்குலத் திரை ஒரு கை தூரத்தில் அசையாமல் நிற்கிறது. கிட்டப்பார்வை இத்தனை பரவலாக உள்ள ஊரில் இதை நான் சிறிய காரணமாகக் கருதவில்லை.

வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், மகள் கணினியில் என்னென்ன செய்கிறாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மாணவர் கற்றல் தளத்தில் பள்ளி தரும் பாடங்கள், கட்டங்களை அடுக்கி எழுதும் ஸ்கிராட்ச் நிரல்கள், படவில்லைகள், கட்டுரை தட்டச்சு, தஞ்சாவூரில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் காணொளி அழைப்பு, பயிற்சித் தாள்களை அச்சிடுவது என்பவையே அந்தப் பட்டியல். அச்சிடுவதைத் தவிர மற்ற எல்லாம் உலாவிக்குள் நடப்பவை. ஒரு கடையில் விற்பனையாளர், பிள்ளை வளர்ந்தபின் தேவைப்படும் என்று கூறி, விலையுயர்ந்த வரைகலை அட்டை பொருத்திய கணினியையே திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தார். குறிப்பேடு கையில் இல்லாதிருந்தால் அன்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

எம்2 சில்லு கொண்ட அடிப்படை மேக் மினியைத் தேர்ந்தெடுத்தேன். ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. பழைய திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றையே பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. ஓசையே இல்லை என்பது மூன்றாவது காரணம். எங்களோடு வசிக்கும் இன்னொரு பாட்டி வசந்தம் தொலைக்காட்சி பார்க்கும் அதே கூடத்தில் கணினியின் விசிறியும் இரைவதை நாங்கள் ஏற்கெனவே ஏழாண்டுகள் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

இயங்குதளம் மாறியதில் மகள் ஒரு வாரம் தடுமாறினாள். நான் மூன்று மாதம் தடுமாறினேன். பிள்ளைக்காக இயங்குதளத்தை மாற்ற நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பள்ளியில் கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தி நகலெடுப்பவள், வீட்டில் கமாண்ட் விசையோடு சி அழுத்த வேண்டும். எங்கள் பழைய விசைப்பலகையில் விண்டோஸ் சின்னமுள்ள விசைதான் கமாண்டாக வேலை செய்யும். அவளுக்கு எளிதாகட்டும் என்று அமைப்புகளுக்குள் சென்று இரண்டு விசைகளையும் இடம் மாற்றி வைத்தேன். அப்படிச் செய்ததில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு மாற்றத்தை நீக்கிவிட்டு, அந்த விசையின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். நான்காம் நாள் பொட்டைப் பார்க்காமலே அழுத்தினாள். இன்றுவரை பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டையும் தடையின்றிக் கையாள்கிறாள்.

என் தடுமாற்றங்கள் வேறு வகையானவை. குடும்பப் புகைப்படங்கள் இருந்த வெளிவட்டு, விண்டோஸ் வழக்கப்படி என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தது. மேக் அதைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. எல்லாவற்றையும் வேறு வட்டுக்கு நகலெடுத்து, இரண்டு இயங்குதளமும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றி, மீண்டும் ஏற்ற ஒரு வார இறுதி முழுவதும் போயிற்று. அச்சுப்பொறி அதைவிடப் பெரிய தொல்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட அந்தப் பொறிக்குப் புதிய மேக்கில் இயங்கும் மென்பொருள் கிடைக்கவில்லை. ஆண்டிறுதித் தேர்வுக்குப் பயிற்சித் தாள் அச்சிட வேண்டிய நேரத்தில்தான் இதைக் கண்டுபிடித்தேன். அன்றிரவு அண்டைவீட்டார் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிறகு, தனி மென்பொருள் இல்லாமலே ஆப்பிள் கணினியிலிருந்து அச்சிட உதவும் ஏர்பிரின்ட் வசதியுள்ள பொறி ஒன்றை வாங்கினோம். மாறுவதற்கான செலவில் அச்சுப்பொறியையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

எதிர்பாராத பெரும் பயன் தமிழில் கிடைத்தது. மேக்கில் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. உள்ளீட்டு மொழிகளில் சேர்த்துவிட்டால் போதும். விண்டோஸிலும் இப்போது தமிழ் விசைப்பலகைகள் உண்டு என்றாலும், புதிய கணினியை அமைத்த அன்றுதான் இதில் எனக்குக் கவனம் வந்தது. ஆங்கில எழுத்தொலியைக் கொண்டே அடிக்கலாம் என்பதால் முதலில் அஞ்சலைப் பழக்கினேன். விரைவாகவே எழுதத் தொடங்கினாள். ஆனால் ஒருநாள் கட்டுரையின் நடுவே, “அப்பா, பள்ளிக்குச் சின்ன எல்லா, பெரிய எல்லா?” என்று கேட்டாள். லகர ளகர வேறுபாடு அவள் மனத்தில் ஆங்கில எழுத்தின் சிறுவடிவு, பெருவடிவு என்று பதிந்துகொண்டிருந்ததை அந்தக் கேள்வியில்தான் உணர்ந்தேன்.

அன்றே தமிழ்99க்கு மாற்றினேன். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன; ளகரத்துக்குத் தனி விசை. ப, ள, ள, இ என்று நான்கு முறை தட்டினால் “பள்ளி” வந்துவிடும், ஏனென்றால் ஒரே மெய் இரண்டு முறை வரும்போது முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். விசைகளின்மேல் தமிழ் எழுத்து இல்லாததால், திரையில் தோன்றும் விசைப்பலகைப் படத்தைத் திறந்துவைத்தோம். பின்னர் அதையே தாளில் அச்சிட்டுத் திரைக்கடியில் ஒட்டினோம். முதல் மாதம் ஒரு பத்திக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஆறு மாதத்துக்குப் பின் தாள் தேவைப்படவில்லை. 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியில் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் என்னும் கணினித் தமிழ் மாநாட்டைத் தொடர்ந்து, 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருப்பெற்ற விசைப்பலகை இது. என் பிள்ளை அதில் எழுதுவது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

நேரக் கட்டுப்பாட்டுக்கு மேக்கின் திரைநேர அமைப்பையே பயன்படுத்துகிறோம். மகளுக்கு நிர்வாக உரிமையில்லாத தனிக் கணக்கு, இரவு 8.30க்குப் பிறகு அனுமதித்த செயலிகளைத் தவிர மற்றவை திறக்கா. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் சாராத திரைநேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும் என்று 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வழிகாட்டியபோது, நாங்கள் வைத்திருந்த ஒரு மணி நேர வரம்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் முன்பே அறிந்திருக்க வேண்டும்: கூடுதல் நேரம் கேட்டு பிள்ளை அனுப்பும் வேண்டுகோள் பெற்றோரின் ஆப்பிள் சாதனத்துக்கே வரும். மனைவி ஐஃபோன் வைத்திருக்கிறார், நான் ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறேன். ஆகவே மறுக்கும் பொறுப்பு முழுவதும் அவர்மேல் விழுந்தது. இருவரும் பேசி, எப்போது சரி, எப்போது இல்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்ட பிறகே வீட்டில் அமைதி வந்தது.

தொடக்கநிலை 5இல், உயர் தொடக்கநிலை மாணவர் அனைவருக்குமான ‘கோட் ஃபார் ஃபன்’ நிரலாக்க வகுப்புக்குப் பிறகு, வீட்டிலும் ஒரு மைக்ரோபிட் (நிரல் ஏற்றிப் பழகும் சிறு மின்சுற்று அட்டை) வேண்டுமென்றாள். எங்கள் மினியில் பழைய வகை யூஎஸ்பி துளைகள் இரண்டே உள்ளன. விசைப்பலகையும் சுட்டியும் அவற்றை எடுத்துக்கொண்டன. மலிவாக வாங்கிய இணைப்புப் பெட்டி ஒன்று நான்கு மாதத்தில் பழுதாகிவிட, சற்றுத் தரமான வேறொன்றை வாங்கினேன். நிரலை மைக்ரோபிட்டுக்கு நகலெடுத்து முடிந்ததும், வட்டு முறையாக வெளியேற்றப்படவில்லை என்று மேக் எச்சரிக்கும். முதன்முறை அதைக் கண்டு மகள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். நிரலைப் பெற்றவுடன் மைக்ரோபிட் தானே துண்டித்துக்கொண்டு மீண்டும் இணைவதால் வரும் அறிவிப்பு அது. பழுது எதுவும் இல்லை. குரோம் உலாவி வழியாக நேரடியாக இணைத்தால் அந்த அறிவிப்பைப் பார்க்கவே வேண்டியதில்லை.

வருந்துவது ஒன்றுக்கே: 8 ஜிபி நினைவகத்தோடு வாங்கியது. இந்தக் கணினியில் நினைவகத்தைப் பிற்பாடு கூட்ட வழியில்லை என்று தெரிந்தும், பிள்ளைக்கு இது போதும் என்று நானே முடிவுசெய்தேன். இருபது தாவல்கள் திறந்திருக்க, காணொளி அழைப்பும் ஸ்கிராட்சும் சேர்ந்து ஓடும்போது தயக்கம் தெரிகிறது. 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த எம்4 மினியில் அடிப்படை மாதிரியிலேயே 16 ஜிபி இருப்பதால், இன்று வாங்குபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதில் பழைய வகை யூஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை என்பதால் மாற்றிகளையும் சேர்த்து வாங்க வேண்டும்.

கடந்த மாதம் அண்ணன் தன் மகனுக்குக் கணினி வாங்க என்னை அழைத்துச் சென்றார். அவனுக்கும் ஒரு குறிப்பேடு எழுதச் சொல்லியிருந்தேன். அவன் சேர்ந்திருக்கும் எந்திரவியல் வகுப்பின் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பது அதில் மூன்றாவது வரியாக இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, மேக்கே வாங்கிவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். 16 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய விண்டோஸ் 11 கணினி ஒன்றை வாங்கி, கூடத்து மேசையில் வைத்து, தமிழ்99ஐச் சேர்த்தோம். பிறகு பெட்டிகளை ஒதுக்குவதற்கு முன்பே, அவர்கள் வீட்டு அச்சுப்பொறியில் ஒரு கணிதப் பயிற்சித் தாளை அச்சிட்டுப் பார்த்தோம். நான்கு பக்கமும் சரியாக வந்தன.