நிலமீட்பா, கடல் தூர்ப்பா? ‘இர்ரிடென்டிசம்’ தேடுவோருக்கு மூன்று இலவச அகராதிச் சேவைகள்

பினாங்கில் ‘நிலமீட்பு’ என்று சொல்லிப் பாருங்கள்; கேட்பவர் கடற்கரைப் பக்கம்தான் திரும்புவார். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்புகள், தீவின் தெற்கே 2023இல் வேலை தொடங்கிய சிலிக்கன் தீவு எல்லாம் நிலமீட்புதான். ‘இர்ரிடென்டிசம்’ என்ற அரசியல் சொல்லுக்கும் இதையே போட்டால் வாசகர் மண் லாரியைத்தான் நினைப்பார். அதற்கு வேறு சொல் தேடும் செய்தி மொழிபெயர்ப்பாளரும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம் எழுதும் மாணவரும் எந்தச் சேவையை எவ்வளவு நம்பலாம்?

முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடலாம். சொல் இத்தாலியிலிருந்து வந்தது. 1866க்குப் பிறகும் திரெந்தோவும் திரியெஸ்தேயும் ஆஸ்திரியாவின் கையில் இருந்தன. அங்கே இத்தாலிய மொழி பேசுவோர் வாழ்ந்தார்கள். அந்தப் பகுதிகளை ‘தெர்ரே இர்ரெதெந்தே’, அதாவது மீட்கப்படாத நிலங்கள், என்று 1877இல் அழைத்தவர் மத்தேயோ ரெனாத்தோ இம்பிரியானி. இந்த மீட்பு அடகுக் கடை மீட்பு மாதிரி: நகை கடைக்காரரின் பெட்டியில் இருக்கலாம், சொந்தக்காரர் நாம்தான் என்ற நினைப்பு. எல்லைக்கு அப்பால் நம் இனத்தார் வாழ்கிறார்கள், ஆகவே அந்த மண் நம்முடையது. இவ்வளவுதான் சொல்லின் சாரம். ‘ரெவான்ஷிசம்’ வேறு. பிரெஞ்சில் ரெவான்ஷ் என்றால் பழிக்குப் பழி; 1871இல் ஜெர்மனியிடம் அல்சாஸ்-லொரேனை இழந்த பிரான்சின் ஆத்திரம் அதன் பின்னால் இருக்கிறது. ஒன்றில் உறவு பேசும், மற்றதில் தோல்வி பேசும். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் திணித்தால் கட்டுரை அங்கேயே கெட்டது.

மூன்றில் சிறந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முழுதும் அங்கே இருக்கிறது. ஆனால் அதன் ஆறு தொகுதிகளும் 1924க்கும் 1936க்கும் இடையில் வந்தவை. இன்றைய அரசியல் கலைச்சொல்லை அங்கே எதிர்பார்ப்பது வீண். வேர் தேடுவதற்கு மட்டும் போங்கள். வினைச்சொற்கள் ‘-தல்’ ஒட்டோடு பதிவாகியிருப்பதால் ‘மீட்டான்’, ‘மீட்கிறது’ என்று இட்டால் கிடைக்காது. ‘மீள்’ என்று தொடங்க வேண்டும். ளகரத்துக்குப் பதில் ழகரம் விழுந்தாலும் வெறுங்கைதான். விளக்கம் ஆங்கிலத்திலும் இருப்பதால், தலைச்சொல் தேடலை விட்டு முழுப் பதிவுத் தேடலைத் தேர்ந்து ஆங்கில வினையை இட்டால், நினைவுக்கு வராத சொற்களும் மேலே வரும்.

அப்படிக் கிடைக்கும் நல்ல சரக்கு ‘கரந்தை’. பகைவர் கவர்ந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்பது கரந்தை. மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி. புறத்திணை படித்தவருக்கு இது தெரிந்ததே. ஆசைப்பட்டு ‘கரந்தைவாதம்’ என்று எழுதிவிடாதீர்கள், ஆநிரை வேறு, ஆட்கள் வாழும் நிலம் வேறு. ஆனாலும் மீட்பவன் வாயில் கரந்தையாக இருப்பது எதிரி கண்ணுக்கு வஞ்சியாகத் தெரியும். இந்தச் சொல்லின் சிக்கலே அதுதான்.

அடுத்தது மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான கோலாலம்பூர் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணையச் சேவை, பிஆர்பிஎம். மலாய்ப் பொருளை உறுதிசெய்ய இதைவிட நம்பகமானது கிடையாது. தமிழ் கிடையாது என்பது குறையல்ல, அதன் வேலை அதுவல்ல. எழுத்துக்கூட்டல் மட்டும் கவனம்: ஆங்கிலத்தில் இரண்டு ‘ஆர்’, மலாய் ‘இரெடென்டிஸ்மே’யில் ஒன்றுதான். ‘பாஜாக்’ என்ற சொல்லையும் அங்கே தேடிப் பாருங்கள். அடகுக் கடைக்கு நாம் சொல்லும் பாஜாக் காடாயில் இருக்கும் அதே பாஜாக்தான் சபா பற்றிச் சூலு சுல்தான் கையெழுத்திட்ட 1878 ஒப்பந்தத்திலும் ‘பாஜாக்கான்’ என்று இருக்கிறது. அது குத்தகையா, நிரந்தரமாகக் கொடுத்ததா என்பதே வழக்கு. பிலிப்பீன்ஸ் சபாவுக்காக 1962இல் முறைப்படி எழுப்பிய கோரிக்கை அந்தச் சுல்தானின் உரிமையை வைத்து நிற்கிறது, இன உறவை வைத்து அல்ல. அதற்கு ‘நில உரிமைக் கோரிக்கை’ போதும்.

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனிச் சொல்லைக் கொடுக்காமல் முழு வாக்கியத்தைக் கொடுங்கள். வந்த தமிழை மலாய்க்குத் திருப்புங்கள். கடல் தூர்ப்பதைச் சொல்லும் ‘தம்பாக்’ என்று வந்தால் உங்கள் சொல் கடலுக்குள் விழுந்துவிட்டது.

மூன்றும் சேர்ந்தும் ஆயத்தச் சொல் தரவில்லை, கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ‘மீட்புவாதம்’ மட்டும் போதாது, பழமைக்குத் திரும்பச் சொல்வதற்கும் அந்தப் பெயர் உண்டு. ‘இனவழி நிலமீட்புவாதம்’ நீளம்தான், ஆனால் தப்பாது. போடுமுன் ஒரு சோதனை: அந்த நிலத்தில் யார் வாழ்கிறார்கள்? 2008இல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்குக் கொடுத்த பூலாவ் பத்து பூத்தே வெறும் பாறை, கலங்கரை விளக்கம். இந்தச் சொல் அதற்குப் பொருந்தாது. 1974 உடன்பாட்டில் இலங்கைக்குப் போன கச்சத்தீவை ‘மீட்போம்’ என்பதும் மீன்பிடி உரிமைச் சண்டை, அங்கே குடியிருப்பு இல்லை. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்ததில் மொழி உறவு முழுதாக இருந்தது, ஆனால் அது ஒரே நாட்டுக்குள் நடந்த எல்லை மாற்றம். ஐந்து கூர் நட்சத்திரத்தில் சோமாலியர் வாழும் ஐந்து பகுதிகளையும் வைத்துக் கொடி செய்து, அவற்றில் ஒன்றான ஒகாடெனுக்காக 1977இல் எத்தியோப்பியாவோடு போருக்குப் போன சோமாலியாவுக்குத் தயங்காமல் எழுதலாம்.

மதிப்பெண்: சிகாகோ தளத்துக்கு ஐந்துக்கு நான்கு, பிஆர்பிஎம் மூன்றரை, செயலிக்கு ஒன்றரை. செய்தித் தலைப்பில் இடம் பற்றாதபோது சொல்லையே விட்டுவிட்டு எந்த நாடு, எந்த நிலத்தைக் கேட்கிறது என்று நேராக எழுதுவது மேல்.