வெள்ளித் தராசில் எடை போட்ட இனிப்பு: சர்க்கரை இல்லாத கேக்கோடு நான்கு வருடம்

எங்கள் பட்டறையில் இரண்டு எலக்ட்ரானிக் தராசுகள் உண்டு. பெரியது உருக்கப் போகும் வெள்ளிக்கு. சின்னது பத்து மில்லிகிராம் வரை துல்லியமாகக் காட்டும். இந்தச் சின்னது 2021-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது, ஸ்டீவியா என்கிற சர்க்கரை மாற்றை எடை போட.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிற ஆள் நான். கேக்குக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. நாற்பத்து நாலு வயதில் மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 8.9 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார், காந்தி மைதானத்தில் நடக்கச் சொன்னார், இனிப்பை நிறுத்தச் சொன்னார். முதல் இரண்டும் சுலபம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டு இனிப்பு வாயில் போடாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஊரடங்கு சமயத்தில் மகளுக்காக வாங்கிய 28 லிட்டர் ஓடிஜி அடுப்பு பரணில் சும்மா கிடந்தது. அங்கே ஆரம்பித்தது.

அதற்கு முன் கடையில் வாங்கிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய முந்திரி பர்ஃபி கால் கிலோ. ருசி அசல். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய வயிற்றில் இடி. அப்புறம்தான் பெட்டியைத் திருப்பிப் படித்தேன்: மால்டிட்டால். சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட சமமாக இனிக்கும், ஆனால் சுகரை ஏற்றவே ஏற்றாது என்று சொல்ல முடியாது, அளவு மீறினால் பேதி. அன்றிலிருந்து பொட்டலத்தின் முன்பக்கத்தை நான் படிப்பதில்லை, பின்பக்கம்தான். ஆன்லைனில் வாங்கிய ஒரு டப்பாவில் பச்சை இலைப் படம், பெரிய எழுத்தில் ‘ஸ்டீவியா’. பின்பக்கம் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். அது ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கிற மாவு, ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் போய்ச் சேரும். வெள்ளி முலாம் பூசிய பித்தளையை வெள்ளி என்று விற்கிற கதைதான். எங்கள் தொழிலில் இதற்கு உரைகல் இருக்கிறது. இங்கே கண்ணாடி போட்டுப் படிப்பது ஒன்றுதான் வழி.

கடைசியில் இரண்டு சாமான்களில் நிலைத்தேன். எரித்ரிட்டால், சர்க்கரை மாதிரியே வெள்ளைக் குருணை, இனிப்பு சர்க்கரையில் சுமார் 70 சதவீதம். உடம்புக்குள் போனதில் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும், அதனால் சுகர் பார்க்கிற மீட்டரில் ஏறுவதில்லை. இன்னொன்று ஸ்டீவியா சாரம், சீனித்துளசியிலிருந்து எடுப்பது, சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ஏற்காட்டு நர்சரியில் சீனித்துளசிச் செடியே வாங்கித் தொட்டியில் வைத்தேன். இலையை மென்றால் இனிக்கும். காயவைத்துப் பொடித்துக் கேக்கில் போட்டால் கஷாயம். செடி இன்னமும் மொட்டை மாடியில் இருக்கிறது, அழகுக்கு.

முதலில் எரித்ரிட்டாலை மட்டும் வைத்துத் தேங்காய் பிஸ்கட் செய்தேன். அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “ஏங் கண்ணு, இதுல பச்சக் கற்பூரம் போட்டியா?” என்றார். போடவில்லை. எரித்ரிட்டால் கரையும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் நாக்கில் ஜில்லென்று ஒரு உணர்வு. காய்ந்த பண்டத்தில் இது பளிச்சென்று தெரியும். ஈரமான கேக்கில் ஏற்கெனவே கரைந்திருப்பதால் அவ்வளவு தெரியாது. பிஸ்கட்டை அன்றோடு விட்டேன்.

என் மனைவியின் ஆட்சேபம் வேறு. டப்பாவை ஒரு வாரம் சரியாக மூடாமல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் அரிசிப் பானையையே விட்டுவைக்காத எறும்பு, அதன் பக்கம் திரும்பவில்லை. “ஏங்க, எறும்பே மோந்து பாக்காதத மனுசன் திங்கலாமா?” இதற்கு நான்கு வருடமாக என்னிடம் பதில் இல்லை.

சர்க்கரை என்றால் இனிப்பு மட்டும்தான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேக்கில் அது செய்கிற மற்ற வேலைகள் ஒவ்வொன்றும், அதை எடுத்த பிறகுதான் தெரியவந்தது. வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பது, ஈரத்தைக் கட்டிவைப்பது, கேக்கை மெத்தென்று ஆக்குவது, மேலே அந்தப் பொன்னிறத்தைக் கொடுப்பது எல்லாம் அதன் கைங்கரியம். எரித்ரிட்டால் சிவக்காது. இது தெரியாமல் முதல் ஐந்தாறு கேக்கை ‘இன்னும் நிறம் வரலையே’ என்று அடுப்பிலேயே விட்டுச் செங்கல் ஆக்கினேன். இப்போது நிறத்தைப் பார்ப்பதே இல்லை, குச்சியைக் குத்திப் பார்த்து ஒட்டவில்லை என்றால் வெளியே எடுத்துவிடுகிறேன்.

எரித்ரிட்டாலைக் குருணையாகப் போட்டால் கரையாது, பல்லில் மணல் மாதிரி கடிபடும். மிக்ஸியில் நைசாகப் பொடிக்க வேண்டும். பொடித்த உடனே மூடியைத் திறக்காதீர்கள், புகை மாதிரி கிளம்பி அரைமணி நேரம் இருமல். ஸ்டீவியாவில் கை அளவு ஆகவே ஆகாது. 0.2 கிராம் போட வேண்டிய இடத்தில் 0.4 விழுந்தால் கேக் வேப்பங்காய். தராசு வீட்டுக்கு வந்த காரணம் இதுதான். ஸ்டீவியாவின் பின்கசப்பை மறைக்க வெனிலா போதாது. கசப்புக்குக் கசப்பே மருந்து: கோகோவும், ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையில் இறக்கிய கெட்டி டிக்காஷனும். இரண்டும் சேர்ந்தால் எது ஸ்டீவியாவின் கசப்பு, எது காப்பியின் கசப்பு என்று நாக்கு குழம்பிப்போகும்.

பாகு வைக்கிற எதற்கும் எரித்ரிட்டால் உதவாது, சத்தியமாக. 2022 தீபாவளிக்கு அதிரசத்தில் முயன்றேன். வெள்ளி உருக்குகிற கை, இது என்ன பெரிய விஷயம் என்ற திமிர். எரித்ரிட்டால் தண்ணீர் போல அழகாக உருகியது. கம்பிப் பதத்துக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. தட்டில் ஒரு சொட்டு விட்டால் அது வெள்ளைச் சில்லாக உறைந்தது. மாவில் கொட்டியதும் மொத்தமும் கட்டி தட்டி, உளியால் பெயர்க்க வேண்டியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மூலப்பிள்ளையார் கோவில் பக்கம் ஆள் அனுப்பி வெல்லம் வாங்கிவரச் சொன்னார். ‘வெல்லம்தானே, கருப்பட்டிதானே, அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) இல்லையே’ என்று எனக்கும் ஒரு அதிரசம் நீட்டினார். இந்த நம்பிக்கை எங்கள் வீதி முழுக்க உண்டு. மீட்டருக்கு வெல்லமும் அஸ்காவும் ஒன்றுதான்.

மீட்டர் என்றதும், இந்த நான்கு வருடத்தில் நான் கற்ற பெரிய விஷயத்துக்கு வந்துவிடலாம். ஒரு வருடம் வரை மைதா, எரித்ரிட்டால், ஸ்டீவியா என்று செய்து நிம்மதியாகத் தின்றேன். ஒரு நாள் சந்தேகம் வந்து விரலைக் குத்திப் பார்த்தேன். அப்புறம் பிடிவாதமாக, ஒரே எடைத் துண்டு, 60 கிராம், சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும், ஒரு நோட்டில் எழுதினேன். சர்க்கரை போட்ட மைதா கேக்: 118-லிருந்து 231. எரித்ரிட்டால் மைதா கேக்: 121-லிருந்து 194. சர்க்கரையைத்தான் எடுத்தேனே தவிர மைதா அங்கேயே உட்கார்ந்திருந்தது. நான் பாட்டுக்கு ‘சுகர் ஃப்ரீ’ என்று இரண்டு துண்டாகத் தின்றுகொண்டிருந்தேன்.

அதைவிட அடி ஜவ்வரிசியில். சேலத்துக்காரன் ஜவ்வரிசியை விடலாமா? ஊரைச் சுற்றி மரவள்ளிக் காடு, சேகோ ஆலை. பாலில் வேகவைத்து, முட்டை சேர்த்து, ஸ்டீவியாவில் ஒரு புட்டிங் சுட்டேன். துளி சர்க்கரை இல்லை. 115-லிருந்து 222. கிழங்கு மாவில் ஸ்டார்ச்சைத் தவிர வேறு என்ன இருக்கும்? புட்டிங் என்னவோ பிரமாதமாக இருந்தது. மகள்தான் மீதியைக் காலி பண்ணினாள்.

மைதாவுக்கு மாற்று என்றால் எல்லோரும் பாதாம் மாவைச் சொல்கிறார்கள். விலையைப் பார்த்தீர்களா? எனக்கு நிலக்கடலை. லீ பஜாரில் வாங்கி, இளஞ்சூட்டில் வறுத்து, தோல் நீக்கி, நன்றாக ஆறவிட்டு மிக்ஸியில் விட்டு விட்டு அடிக்க வேண்டும். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். நான் இப்போது செய்கிற கேக் இதுதான்: கடலை மாவு 200 கிராம் (கடலைப்பருப்பு மாவு இல்லை, நிலக்கடலை), கோகோ 30 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 90 கிராம், ஸ்டீவியா சாரம் 0.2 கிராம், வெண்ணெய் 80 கிராம், நான்கு முட்டை, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், டிக்காஷன் இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வெள்ளைக்கருவைத் தனியாக நுரை வர அடித்துக் கடைசியில் கலப்பது முக்கியம், காற்றைப் பிடிக்க இங்கே சர்க்கரை இல்லையே. 160 டிகிரியில் 35 நிமிடம். மீட்டரில் 119-லிருந்து 141. ஒரு துண்டுக்கு மேல் தின்ன முடியாத அளவுக்குத் திம்மென்று இருக்கும், அதுவும் நல்லதுக்குத்தான்.

இதே கேக்கை ஏற்காட்டில் சகலை வீட்டில் செய்யப்போய் மானம் போனது. டிசம்பர் மாதம். அடுப்பில் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஜோராக எழும்பியது, வெளியே எடுத்ததும் நடுவில் பொத்தென்று உள்ளே போய்விட்டது. “என்ன சகல, காப்பிக் கன்னு நட குழி வெட்டிட்டீங்களா?” ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, கேக்குக்குள் வாயு சீக்கிரம் விரிந்துவிடும், அது நிலைத்து நிற்கும் முன்பே மாவு தளர்ந்துபோகும். தண்ணீரே அங்கே சுமார் 95 டிகிரியில் கொதிக்கிறது. மறுநாள் பேக்கிங் பவுடரை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அடுப்பைப் பத்து டிகிரி கூட்டினேன். நிமிர்ந்து நின்றது. ஆனால் இன்னொரு வில்லங்கம்: ராத்திரிக் குளிரில் கேக்கின் மேல்பக்கம் எரித்ரிட்டால் திரும்பக் குருணை கட்டி, காலையில் நறநறவென்றது. சேலத்தில் ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதிதான். எரித்ரிட்டால் சர்க்கரையைவிட மிகக் குறைவாகவே தண்ணீரில் கரையும், குளிர்ந்தால் இருக்கிற கொஞ்சமும் பிரிந்து நிற்கும். மலைக்குப் போனால் இப்போது எரித்ரிட்டால் 60 கிராம்தான் போடுகிறேன், இனிப்புக் குறைச்சலைச் சகித்துக்கொள்கிறோம்.

வெளியே வைத்தாலும் நிம்மதி இல்லை. சித்திரை வெயிலில் சேலத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை வந்துவிடுகிறது. அதனால் சின்ன அச்சில், ஆறு துண்டு வருகிற மாதிரி மட்டும். ஈஸ்ட் போடும் பன்னுக்கு ஒரு டீஸ்பூன் நிஜச் சர்க்கரையையே போடுங்கள், எரித்ரிட்டாலை ஈஸ்ட் தின்னாது. எறும்புக்கு அடுத்து ஈஸ்ட், என் மனைவி பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மாம்பழ சீசனில் மட்டும் வேறு வழி. வடிகட்டிய தயிரும் பனீரும் அரைத்து, முட்டை சேர்த்துச் சுடுகிற சீஸ்கேக்கில் எரித்ரிட்டாலைப் பாதியாகக் குறைத்து, மேலே மல்கோவாத் துண்டு இரண்டு வைப்பேன். பழத்தின் சர்க்கரை பழத்தின் சர்க்கரைதான், மீட்டர் விடாது. வருடத்தில் நாலைந்து தடவை அதற்கு அனுமதி கொடுத்துக்கொள்கிறேன்.

2023-ல் எரித்ரிட்டால் பற்றிச் செய்தி வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதியிருந்தார்கள்: ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகமாகத் தெரிந்தது என்று. எரித்ரிட்டாலை உடம்பும் தானாகக் கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் இது தின்றதால் வந்ததா, ஏற்கெனவே உடம்பில் உள்ள கோளாறின் அடையாளமா என்று அந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க இனிப்பு மாற்றுகளை நம்ப வேண்டாம் என்றது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது இல்லை, எரித்ரிட்டால் வகையும் அதில் சேராது, ஸ்டீவியா சேரும். நான் டாக்டரிடம் இரண்டையும் காட்டினேன். “தினமுமா சாப்பிடறீங்க?” என்று மட்டும் கேட்டார். அப்போது தினமும்தான். அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு கேக்.

என் சராசரி இப்போது 6.8. கேக்கால் இறங்கியது என்று எவரிடமும் சொல்லமாட்டேன். மாத்திரை, நடை, ராத்திரிச் சோற்றைக் குறைத்தது எல்லாம் சேர்ந்தது. கேக் செய்த உபகாரம், ராத்திரி பட்டறையிலிருந்து வரும் வழியில் ஸ்வீட் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

எரித்ரிட்டால் நான் வாங்கிய வரைக்கும் கிலோ 500-க்கும் 700-க்கும் நடுவில். முதல் வருடம் இரண்டு கிலோ மூட்டையாக வாங்கி அடுக்கினேன். இப்போது அரைக்கிலோ பாக்கெட் மூன்று மாதம் வருகிறது.