இன்னும் ரூபி லேசரா? பல வருடம் பயன்படுத்தியவனின் அனுபவம்

மாணிக்கக் கல்லில் ஒளியைப் பிறப்பிக்கும் ரூபி லேசரை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எதை அளக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். நொடிக்குப் பத்து முறை துடிக்க வேண்டுமென்றால் வேண்டாம், அகச்சிவப்பில் ஒளிரும் யாக் என்ற படிக லேசரே போதும். ஒரே ஒரு துடிப்பு, அதற்குள் ஜூல் கணக்கில் ஆற்றல், அதுவும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பில் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஆற்றலைத் தேக்கி ஒரே வீச்சில் திறந்துவிடும் க்யூ-ஸ்விட்ச் உள்ள, இரட்டைத் துடிப்பு தரும் பழைய இயந்திரம். அதிரும் பொருட்களை ஹோலோகிராமாக, அதாவது முப்பரிமாண ஒளிப்படமாகப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. பார்க்க வருபவர்கள் நகைக்கடை மாணிக்கத்தை எதிர்பார்த்து வந்து ஏமாந்து போவார்கள். உள்ளே இருப்பது வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு தண்டு, அவ்வளவுதான். அலுமினியம் ஆக்ஸைடில் சுமார் 0.05 சதவீதம் குரோமியம். செனான் ஃப்ளாஷ் விளக்கின் பச்சை, ஊதா ஒளியைக் குரோமியம் விழுங்கிவிட்டு 694.3 நானோமீட்டர் சிவப்பாகத் திருப்பித் தருகிறது.

குறையும் அங்கேயேதான் தொடங்குகிறது. இது மூன்று ஆற்றல் மட்டங்களில் இயங்கும் லேசர். குரோமிய அயனிகளில் பாதிக்கு மேல் மேல்மட்டத்துக்கு ஏறினால்தான் லேசரே பிறக்கும். அதற்குக் கொட்டும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் போகிறது. ஒரு ஷாட் அடித்துவிட்டுத் தண்டு ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். லேசர் பிறக்கும் முன்பே இந்தக் கல்லை நம்பப் பலருக்கு மனமில்லை. ரூபியின் ஒளிர்திறன் மிகக் குறைவு என்று ஓர் அளவீடு வெளியாகியிருந்தது. அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் அதை நம்பாமல் தானே அளந்து பார்த்தார், பல மடங்கு அதிகமாக வந்தது. 1960 மே 16 அன்று கலிபோர்னியாவின் மாலிபூவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில், அவர் கையில் ஒளிர்ந்ததுதான் உலகின் முதல் லேசர்.

சரி, பராமரிப்பு. வெயில் காலத்தைவிட மழைக்காலம்தான் எனக்குப் பயம். குளிர்நீரை ஒரு டிகிரி அதிகமாகக் குளிர வைத்தாலும் காற்றின் ஈரம் தண்டின் முகத்தில் பனிக்கும். அந்த நிலையில் சுட்டால் முகம் போச்சு. நீர் சூடானாலோ ஆற்றல் இறங்கும், அலைநீளமும் மெல்ல நகரும். அதனால் அறை வெப்பத்தை ஒட்டி ஓர் அளவில் நிறுத்திவிட்டு அதைத் தொடவே மாட்டோம். அயனி நீக்கிய நீர், அதன் ரெசின் வடிகட்டி, இரண்டையும் தேதி போட்டு மாற்றுவோம். மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் பெட்டியைத் திறக்கும்முன் எர்த் கம்பியால் தொட்டு மின்சாரத்தை இறக்க வேண்டும், யார் என்ன அவசரம் சொன்னாலும்.

காலையில் முதல் வேலை லேசர் ஒளிக்கற்றையின் முகத்தைப் பார்ப்பது. போட்டோ காகிதத்தை வெளிச்சத்தில் காட்டிக் கழுவினால் முழுக்கக் கருப்பாகும். அதைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கற்றைக்கு எதிரே வைத்து ஒரு ஷாட். உறை எதற்கென்றால், கருகித் தெறிக்கும் தூள் லென்ஸில் ஒட்டக் கூடாது. வட்டமாக, ஒரே சீரான வெளிர் தழும்பு விழுந்தால் நல்லது. ஓரத்தில் பிறைபோலத் தேய்ந்திருந்தால் லேசருக்குள் ஒளியைத் திருப்பும் ஆடி இடம் நகர்ந்திருக்கிறது. நடுவில் ஊசிமுனைப் புள்ளிகளாக ஆழமாக எரிந்திருந்தால் அன்று சுடக் கூடாது, அந்தப் புள்ளிகள் நாளை தண்டிலேயே குழியாகும்.

பாதுகாப்பில் பலரும் தப்பாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. யாக் லேசரின் அகச்சிவப்பு தெரியாது, இது தெரிகிறது, அதனால் ஆபத்து குறைவு என்பார்கள். 694 நானோமீட்டரில் நம் கண்ணின் உணர்திறன் மிகவும் குறைவு. சுவரில் மங்கலாகத் தெரியும் சிவப்பு உண்மையில் விழித்திரையைச் சுட்டுவிடக்கூடியது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் அறைக்குள் யாரையும் விடுவதில்லை.

இத்தனை தொல்லைக்கும் பதில் சொன்னது மிருதங்கம்தான். சி.வி. ராமன் 1920-லேயே நேச்சர் இதழில் எழுதிய விஷயம் இது: சாதாரணத் தோல் முழவின் அதிர்வுகள் ஒன்றோடொன்று சேராது, மிருதங்கத்திலோ அவை ஒத்திசைவாக வரும், காரணம் வலந்தலை என்ற வலப்பக்கத் தோலின் நடுவில் ஏற்றிய, சோறு எனப்படும் கருப்புப் பூச்சு. பின்னாளில் அவர் தோல்மீது நுண்மணல் தூவி அதிர்வு வடிவங்களைக் கண்டார். நாங்கள் அதே தோலை ரூபியில் பிடித்தோம். இடைவிடாமல் ஒளிரும் ஹீலியம்-நியான் லேசரில் சீராக அதிரும் பொருளைத்தான் பதிய முடியும், அதற்கும் ஆடாத மேசை வேண்டும். விரல் பட்ட அடுத்த கணம் தோல் என்ன செய்கிறது என்று பார்க்க அது உதவாது. ரூபியில் ஒரே ஃப்ளாஷுக்குள் க்யூ-ஸ்விட்சை இருமுறை திறக்கலாம். மேல்மட்டத்தில் அயனிகள் சுமார் 3 மில்லிநொடி காத்திருப்பதால் இது சாத்தியம். சில நூறு மைக்ரோநொடி இடைவெளியில் இரண்டு பிம்பங்கள் ஒரே தட்டில் விழும். இடையில் தோல் நகர்ந்த தூரம் கருப்பு வெள்ளை வரிகளாகத் தெரியும். ஒளி நேராக விழுந்து நேராகத் திரும்பும் அமைப்பில் ஒரு வரிக்கு அரை அலைநீளம், ஏறக்குறைய 347 நானோமீட்டர். பலமாகத் தட்டினால் வரிகள் நெருங்கி எண்ணவே முடியாது, நகத்தால் தொட்டதுபோல் தட்ட வேண்டும். சோறு கருப்பாக இருந்து ஒளியை விழுங்கிவிடுவதால் அதன்மேல் வெள்ளைப் பவுடரை மெல்லியதாகப் படிய வைத்தோம். கூடிவிட்டால் அதன் எடையே சுருதியைக் கெடுக்கும். வித்வானாக இருந்தால் எங்களை அடித்திருப்பார்.

மனித முகத்தையும் இந்த லேசரில் ஹோலோகிராமாக எடுத்திருக்கிறார்கள், 1967-லிருந்தே. ஒளியைத் தேய்த்த கண்ணாடி வழியாகப் பரப்பிக் கண்ணுக்குப் பத்திரமாக்கித்தான் எடுப்பார்கள். அந்தப் படங்களில் தோல் மெழுகுபோல இருக்கும். சிவப்பு ஒளி மேல்தோலோடு நிற்காமல் உள்ளே புகுந்து சிதறித் திரும்புவதே காரணம்.

மருத்துவர்களுக்கு இது பிடித்துப்போனதும் அதனால்தான். 1961 டிசம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை ரூபியால் அழித்தார்கள். சின்சினாட்டியில் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் 1963 முதல் தோலில் சோதித்துப் பச்சை குத்திய மையையும் இலக்காக்கினார். எந்த நிறமி எந்த அலைநீளத்தை விழுங்குகிறதோ அதை மட்டும் குறுகிய துடிப்பால் சுடலாம் என்று தோல் மருத்துவ ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983-ல் தெளிவாக எழுதினார்கள். கண்ணைச் சுற்றி நீலப் படலமாக வரும் ஓட்டா மச்சத்துக்கு ஜப்பானில் இன்றும் க்யூ-ஸ்விட்ச் ரூபி நல்ல பேரோடு இருக்கிறது.

நம்ம ஊர்த் தோலுக்கு? 694 நானோமீட்டரைத் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஆவலோடு விழுங்கும். மாநிறத் தோலிலும் கருப்புத் தோலிலும் மச்சத்தைத் தேடிப்போன ஒளி வழியிலேயே மேல்தோலில் நின்றுவிடும், கொப்புளமோ வெள்ளைத் தழும்போ வரலாம். 1064 நானோமீட்டர் யாக் ஆழமாகப் போகும், மெலனின் அதைக் குறைவாகத்தான் பிடிக்கும். எனவே பச்சை குத்தியதை எடுக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களிடம், எந்த லேசர் என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு உட்காருங்கள் என்பேன்.

பழைய இயந்திரம் எங்காவது விலைக்கு வந்தால் மின்சாரப் பெட்டியின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டுத் தண்டின் இரு முகங்களிலும் சாய்வாக டார்ச் அடியுங்கள். குழியோ, பால்போல மங்கலோ தெரிந்தால் விலையே பேச வேண்டாம். முகம் சுத்தமாக இருந்தால் அப்புறம் கேட்க வேண்டியது, உதிரி ஃப்ளாஷ் விளக்கு கூடவே தருவார்களா என்பதுதான்.